ஒருமுறை அனுப்பிய படிவம் மூன்று முறை பதிவான கதை

"மூண்டு தரம் பதிஞ்சிருக்கீங்களே அம்மா?" என்று பெயர்ப்பட்டியலோடு மேசையில் இருந்த தம்பி கேட்டான். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் வரிசையில் பின்னால் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. அந்த அம்மா கொண்டுவந்த உரப்பையை மடித்து, இன்னும் மடித்து, கைக்குள் அடங்குமளவு சிறிதாக்கிக்கொண்டு நின்றார். "நான் ஒருக்காத்தான் மனே பதிஞ்சன்" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்னது உண்மை. பிழை படிவத்தில் இருந்தது. அந்தப் படிவத்தைச் செய்தவன் நான்.

2024 நவம்பர் கடைசி வாரம். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் வெள்ளம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல் எது, வீதி எது என்று தெரியவில்லை. கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்திலும் தண்ணீர் நின்றது. வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர்கள் உலர் உணவுப் பொதி வாங்கிக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை குடும்பம் என்பதுதான். கிராமத்துப் பெடியன்கள் சிலர் என்னைப் பிடித்தார்கள். இரவுக்குள் ஒரு பதிவுப் படிவம் வேண்டும், இணைப்பை வட்ஸ்அப்பில் போட்டால் சனம் தாங்களே பதிந்துவிடும் என்றார்கள். சரி என்றேன். பிஎச்பி என்ற கணினி மொழியில் ஒரு பக்கம், மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஒரு அட்டவணை. பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள், போன் இலக்கம். இரண்டு மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தேன்.

பட்டியல் 412 வரிக்கு வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 300க்குக் கொஞ்சம்தான் மேல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கே மிஞ்சியது என்று பார்த்தபோதுதான் ஒரே பெயர் இரண்டு தரம், மூன்று தரம் இருப்பது தெரிந்தது. அடுத்த நாள் பொதி கொடுக்கும் இடத்தில் அந்தக் கேள்வி அந்த அம்மாவிடம் போனது.

கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிக்கூட வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். "அம்மா, எப்பிடி அனுப்பினீங்க? போன்ல செஞ்சு காட்டுங்களேன்" என்றேன். திரையின் ஒரு மூலை வெடித்துப்போன போன். வட்ஸ்அப்பில் இணைப்பைத் தேடித் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நிரப்பினார். "அனுப்பு" என்ற பொத்தானை அழுத்தினார். மேலே வட்டம் சுற்றியது. சிக்னல் ஒரு கோடுதான். அரை நிமிடம் கழித்து வந்த பக்கத்தில், அதே படிவம் வெறுமையாக நின்றது. உச்சியில், அவருடைய கண்ணுக்கு எட்டாத அளவு சின்ன எழுத்தில் "நன்றி" என்று இருந்தது. நான் வைத்ததுதான். அவர் அதைப் பார்க்கவேயில்லை. பெருவிரலைத் திரையில் வைத்துக் கீழே இழுத்தார்.

"ஏன் இழுக்கிறீங்க?"

"இழுத்தா புதுசா வரும்தானே மனே."

முகநூலில் அப்படித்தான் வரும். அன்ட்ரொய்ட் குரோமில் பக்கத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அது ரிஃப்ரெஷ். இழுத்தவுடன் ஒரு பெட்டி வந்தது. இந்தப் பக்கம் நீங்கள் நிரப்பிய தகவலைப் பயன்படுத்தியது, திரும்ப ஏற்றினால் செய்த வேலை மீண்டும் நடக்கலாம், தொடரவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவர் வாசிக்கவில்லை. தொடரச் சொல்லும் எழுத்தைத் தொட்டார். இப்படி வரும் எந்தப் பெட்டிக்கும் நம் ஆக்கள் செய்வது இதுதான், ஏனென்றால் மற்றதைத் தொட்டால் எல்லாம் போய்விடுமோ என்ற பயம். அவர் தொட்ட கணத்தில் என் அட்டவணையில் இன்னொரு வரி ஏறியது. என் போனில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

என்ன நடக்கிறது என்பதை விளக்கிவிடுகிறேன். படிவத்தை அனுப்பும்போது பிரவுசர், பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சேர்வருக்குப் போஸ்ட் வகைக் கோரிக்கை ஒன்றை அனுப்புகிறது. பக்கத்தை வெறுமனே பார்ப்பது கெட். கெட்டை நூறு தரம் செய்தாலும் ஒன்றும் மாறக்கூடாது என்பது, பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் விதி. போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. என் பக்கம் போஸ்டை வாங்கி, தரவைச் சேமித்து, அந்தப் போஸ்டுக்கே பதிலாக "நன்றி" பக்கத்தைக் கொடுத்தது. ஆகவே பிரவுசரைப் பொறுத்தவரை திரையில் இருக்கும் பக்கம் போஸ்டால் வந்த பக்கம். அதைப் புதுப்பி என்றால், எப்படி வந்ததோ அப்படியே திரும்பக் கேட்கும். நிரப்பிய அத்தனை விபரத்தோடும் மறுபடி போஸ்ட் போகும். பிரவுசர் தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. எச்சரிக்கைப் பெட்டியும் காட்டுகிறது. போஸ்டுக்கு நேரடிப் பதிலாகவே பக்கத்தைக் கொடுத்த என் முறைதான் பிழை.

இதற்கான மருந்து பழையது, எளியது. போஸ்ட் வந்தால் தரவைச் சேமி, பக்கம் எதையும் கொடுக்காதே, "அந்த முகவரிக்குப் போ" என்று மட்டும் சொல். இதுதான் ரீடைரெக்ட். பிரவுசர் அந்த முகவரியைக் கெட்டாகக் கேட்கும். போஸ்ட், ரீடைரெக்ட், கெட் என்று மூன்றையும் சேர்த்து இந்த முறைக்குப் பெயர். இப்போது திரையில் இருப்பது கெட்டால் வந்த பக்கம். எத்தனை தரம் இழுத்தாலும் அந்தப் பக்கம்தான் திரும்ப வரும். எச்சரிக்கைப் பெட்டியும் வராது.

அப்படிப் போகச் சொல்லும்போது சேர்வர் கொடுக்கும் மூன்று இலக்கக் குறியீட்டில் கவனம் தேவை. 303 கொடுங்கள். 302 கொடுத்தாலும் இன்றைய பிரவுசர்கள் கெட்டாகத்தான் கேட்கும், ஆனால் அது பழக்கத்தில் வந்த நடைமுறை. 302ஐ ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொண்ட குழப்பம் இருந்தபடியால்தான் 303, 307 இரண்டும் எச்டிடிபியில் சேர்ந்தன. 303 என்றால் சந்தேகமில்லாமல் கெட். 307 என்றால் அதே போஸ்டை அப்படியே புது முகவரிக்கும் அனுப்பு என்று அர்த்தம், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பிஎச்பியில் லொகேஷன் ஹெடரை (பக்கத்துக்கு முன்னால் போய், புது முகவரியைச் சொல்லும் குறிப்பு) மட்டும் கொடுத்தால் 302தான் போகும், 303ஐ நாமே எழுத வேண்டும். அதற்கு அடுத்த வரியில் எக்சிட், அதாவது அத்தோடு நிறுத்து என்ற கட்டளை, போடவும் வேண்டும், இல்லாவிட்டால் கீழே உள்ள கட்டளைகள் தொடர்ந்து ஓடும்.

தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 303 போட்ட பிறகும் எனக்கு ரீடைரெக்ட் நடக்கவில்லை. ஹெடர் ஏற்கனவே போய்விட்டது என்று பிழை காட்டியது. ஒரு மணித்தியாலம் தேடினேன். கோப்பில் தமிழ் இருந்தபடியால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்திருந்தேன், ஆனால் எடிட்டர் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டைச் சேர்த்திருந்தது. அந்த மூன்று பைட்டும் முதலில் வெளியே போய்விடும், அதன் பிறகு ஹெடர் அனுப்ப முடியாது. பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தவுடன் சரி.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பழைய பட்டியலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அங்கேதான் இதைவிடப் பெரிய தவறைச் செய்தேன். ஒரே போன் இலக்கம் பல வரியில் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டேன். காலையில் ஒரு பெடியன் அழைத்தான். "அண்ணை, நான் பதிஞ்ச ஆக்கள்ல ஒருத்தரைத் தவிர வேற ஒருத்தரும் பட்டியல்ல இல்ல." அவனிடம் டேட்டா இருந்தது, சார்ஜ் இருந்தது. வீடு வீடாகப் போய், முகாமில் பாய் பாயாகப் போய், பத்துப் பதினொரு குடும்பத்துக்குத் தன் போனிலிருந்து பதிந்திருக்கிறான். எல்லாவற்றிலும் அவனுடைய இலக்கம். நான் நீக்கியவை அத்தனையும் உண்மையான குடும்பங்கள். முழுப் பட்டியலின் பிரதி ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்திருந்ததால்தான் அவர்கள் திரும்ப வந்தார்கள்.

அன்றிலிருந்து எந்த வரியையும் நான் நீக்குவதில்லை. "இது அந்த வரியின் பிரதி" என்று குறித்து மட்டும் வைக்கிறேன். போன் இலக்கம், இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரி, பிரவுசரில் வைக்கும் குக்கி என்ற அடையாளம், எதுவும் ஒரு ஆளுக்குச் சமம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு போன் ஒரு ஒழுங்கைக்கே சொந்தம்.

அப்படியென்றால் எது ஆளைக் காட்டும்? அடையாள அட்டை. அதை அட்டவணையில் யுனீக், அதாவது ஒரே மதிப்பு இரண்டு தரம் வரக்கூடாது என்று ஆக்கினால் ஒரு அட்டைக்கு ஒரு பதிவுதான் ஏறும். அதிலும் இரண்டு சிக்கல் வந்தது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். புது அட்டையில் 12 இலக்கம். ஒருவரே ஒரு தரம் பழையதையும் இன்னொரு தரம் புதியதையும் எழுதினால் கணினிக்கு இரண்டு ஆள். எனவே சேமிக்குமுன் எல்லாவற்றையும் 12 இலக்கமாக மாற்றினேன். கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 சேர்த்து, பிறந்த ஆண்டையும் நாளையும் காட்டும் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 வைத்தால் 12 வந்துவிடும். இடைவெளி, சின்ன எழுத்து வி எல்லாவற்றையும் அதற்கு முதலே துடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் வலித்தது. வெள்ளத்தில் அட்டையைத் தொலைத்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். நான் அதை எழுத்தே இல்லாத வெற்றுச் சரமாகச் சேமித்தேன். முதல் ஆள் ஏறினார். அட்டை இல்லாத இரண்டாவது ஆளுக்கு "நீங்கள் ஏற்கனவே பதிந்துவிட்டீர்கள்" என்று வந்தது. வெறுமையும் வெறுமையும் ஒன்றுதானே என்று டேட்டாபேஸ் நினைத்தது. எல்லாம் இழந்து நின்ற ஒருவரிடம் போய் ஒரு பக்கம் அப்படிச் சொல்லக்கூடாது. வெற்றுச் சரத்துக்குப் பதில் "நல்" (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) ஆகச் சேமித்தால் மைஎஸ்கியூஎல், யுனீக் ஆக்கிய நிரலிலும் (அட்டவணையின் நெடுக்கு வரிசை) எத்தனை "நல்" வேண்டுமானாலும் அனுமதிக்கும். அப்படி மாற்றினேன். அட்டை இல்லாதவர்களைக் கிராம சேவகரிடம் இருந்த பட்டியலோடு கையால் ஒப்பிட்டோம். அது மனிதர் செய்ய வேண்டிய வேலை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, ரீடைரெக்ட் இருக்கிறது, யுனீக் இருக்கிறது. மறுகா ஏன் டோக்கன் என்று இன்னொரு காவல் வைத்தேன்? அட்டை இல்லாதவர் "அனுப்பு" பொத்தானை இரண்டு தரம் தட்டினால்? அல்லது, எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுபோல, தரவு சேர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் வருமுன் சிக்னல் போனால்? 303 வந்து சேரவேயில்லை, போனில் இன்னும் பழைய படிவம்தான் நிற்கிறது. மறுபடி அழுத்துவது அவருடைய உரிமை. நானாக இருந்தாலும் அழுத்துவேன். ரீடைரெக்ட் இதைத் தடுக்காது. ஆகவே படிவத்தைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீளமான சரத்தை மறைவான புலத்தில் வைத்து அனுப்பினேன். அதுதான் டோக்கன். அதே டோக்கன் இரண்டாவது தரம் வந்தால், அது அதே படிவம்.

முதலில் இதை நான் எழுதிய விதமும் பிழை. டோக்கன் அட்டவணையில் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் சேர் என்று எழுதினேன். இரண்டு தட்டல் ஒரு நொடிக்குள் வந்தால் இரண்டும் பார்க்கும், இரண்டுக்கும் "இல்லை" என்று பதில் வரும், இரண்டும் சேர்க்கும். பார்ப்பதும் சேர்ப்பதும் தனித்தனியாக இருக்கும்வரை நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். பார்க்காமலே சேர்க்க வேண்டும், தீர்ப்பை டேட்டாபேஸிடம் விட வேண்டும். டோக்கனைப் பதிவு வரியிலேயே ஒரு யுனீக் நிரலாக வைத்தேன். இரண்டாவது கோரிக்கை வந்தால், இது ஏற்கனவே இருக்கிறது என்று மைஎஸ்கியூஎல் 1062 என்ற பிழையைத் தரும். அதைப் பிடித்து, பயனருக்குப் பிழை எதையும் காட்டாமல், முதல் பதிவின் ரசீதுப் பக்கத்துக்கே 303 கொடுக்கிறேன். அவருக்குத் தெரிவது ஒன்றுதான், பதிவு ஆகிவிட்டது. யுனீக் நிரல் இரண்டு இருப்பதால் எந்த நிரலில் மோதியது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் மோதினால் அது வேறு கதை. ஆள் முகாம் மாறி, விபரத்தைத் திருத்த வந்திருக்கலாம். அவருக்கு அழைப்பதற்கு ஒரு இலக்கம் கொடுத்தோம், பழைய பதிவின் விபரத்தைப் பக்கத்தில் காட்டவில்லை. அட்டை இலக்கம் தெரிந்த எவரும் அதைப் பார்க்கலாம் அல்லவா.

பொத்தானைப் பற்றிக் கேட்பீர்கள். ஒருமுறை தட்டியவுடன், பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்டால் பொத்தானைச் செயலிழக்கச் செய்து, "அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுத்தை மாற்றலாம். செய்தேன், நல்லதுதான், பதற்றம் குறையும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பிரவுசரில் பின்னால் போனால் பக்கம் நினைவகத்திலிருந்து அப்படியே திரும்பலாம், பொத்தானும் செத்தபடியே திரும்பும். பக்கம் திரையில் வரும்போது பிரவுசர் தரும் பேஜ்ஷோ என்ற நிகழ்வில் அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். இழுத்தால் ரிஃப்ரெஷ் ஆவதை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸால் தடுக்கவும் வழி உண்டு. நான் தடுக்கவில்லை. சனத்துக்குப் பழகின ஒரு அசைவை ஏன் பறிக்க வேண்டும்?

எல்லாவற்றையும்விட உதவியது ரசீதுப் பக்கம். "நன்றி" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். திரையை நிரப்பும் பெரிய எழுத்தில்: "உங்கள் பதிவு கிடைத்தது. பதிவு இலக்கம் 214. திரும்ப அனுப்பத் தேவையில்லை." கீழே பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும், பிழை இருந்தால் கண்ணில் படட்டும் என்று. வெறும் படிவம் அந்தப் பக்கத்தில் இல்லை. பக்கத்தின் இணைய முகவரியில் 214 என்று போடாமல் ஊகிக்க முடியாத சரத்தைப் போட்டேன், இல்லாவிட்டால் 215 என்று மாற்றி அடுத்த வீட்டாரின் விபரத்தைப் பார்த்துவிடலாம். சனம் ஏன் இழுக்கிறார்கள்? போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால்தான். தெரிந்துவிட்டால் கை தானாக நிற்கும்.

வெள்ளம் வடிந்து சில நாளில் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். சுவரில் இடுப்பளவில் சேற்றுக்கோடு, முற்றத்தில் காயப்போட்ட மெத்தை. அன்று வரிசையில் நடந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். மேசையில் இருந்த தம்பியும் கூட வந்திருந்தான், அவனும் கேட்டான். பிறகு புதுப் படிவத்தைக் காட்டி, "அம்மா, நீங்களே சோதிச்சுப் பாருங்க, எப்பிடி வேணுமெண்டாலும் அழுத்துங்க" என்றேன். கணினியில் நான் எல்லாம் சோதித்திருந்தேன். மெதுவான இணைப்பு, இரட்டைத் தட்டல், அனுப்பியவுடன் விமானப் பயன்முறை. எல்லாம் சரியாக வந்தது. அவர் அனுப்பினார். இலக்கம் வந்தது. இழுத்தார். அதே இலக்கம். இன்னும் இரண்டு தரம் இழுத்தார். "அதேதான் மனே வருகுது" என்று முகம் மலர்ந்தார்.

"அப்ப பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் ஒண்டு போடுவம்" என்று சொல்லி, இணைப்பைப் புதிதாகத் திறக்காமல், பின்னால் போகும் அம்புக்குறியைத் தட்டினார். நிரப்பிய படிவம் அப்படியே திரும்பி வந்தது. பெயரை அழித்து அந்தப் பெண்ணின் பெயரை எழுதினார், அடையாள அட்டையையும் மாற்றினார், அனுப்பினார். வந்தது அம்மாவின் பழைய இலக்கம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பின்னால் போனபோது பழைய டோக்கனும் கூடவே திரும்பியிருக்கிறது. நான் எழுதிய புரோகிராம் அதைப் பார்த்து, இது அதே படிவம் என்று முடிவுகட்டி, இரண்டாவது குடும்பத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. அந்தப் பதினொரு குடும்பத்துப் பெடியன் இந்தப் படிவத்தை இப்படிப் பாவித்திருந்தால், பத்துக் குடும்பம் பட்டியலுக்கே வந்திருக்காது. இரண்டு தரம் பதிவதைவிட ஒரு தரமும் பதியாமல் போவது மோசம்.

மடிக்கணினியை அங்கேயே திண்ணையில் விரித்தேன். டோக்கன் மோதினால் இப்போது இன்னொன்றும் பார்க்கிறேன்: பெயரும் அட்டை இலக்கமும் பழைய வரியில் உள்ளவைதானா? அதேயென்றால் பழைய ரசீது. வேறென்றால் அது புது ஆள், புது டோக்கன் கொடுத்துப் புது வரியாகச் சேர். பணம் செலுத்தும் சேவைகள் சிலவும், டோக்கன் போன்ற ஒரே சாவியோடு வேறு விபரம் வந்தால் அதைப் பழைய கோரிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை, பிழை என்று திருப்பி அனுப்பும். நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை, சேர்த்துக்கொண்டேன். ரசீதுப் பக்கத்தில் "இன்னொரு குடும்பத்தைப் பதிய" என்று ஒரு பெரிய பொத்தானும் வைத்தேன், பின்னால் போகும் தேவையே வராமல்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போனைத் திரும்பவும் எடுத்தார். அம்புக்குறி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர், அட்டை இலக்கம், அனுப்பு. இந்த முறை வேறு இலக்கம் வந்தது. அதைத் தன் பழைய கொப்பியில் எழுதிக்கொண்டு, வேலியால் எட்டி, "புள்ள, உனக்கும் வந்திட்டுது" என்றார்.